நீங்கள் மூடாத இடம்

என் அன்பான பவளம் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. கேட்டால் "உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்" என்பீர்கள். செய்து முடித்தபிறகு அது எப்படிப் பிழை என்று ஒரு மாதம் விளங்கப்படுத்துவீர்கள். இந்த முறை அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைக்காது.

உங்கள் தம்பியின் மகன் சுதன், நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறான். நல்ல பிள்ளை. அட்டைக்கு நீங்கள் வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் படத்தை எடுத்திருக்கிறான். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டான். தான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பைத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினான். "அமைதியே உருவானவர்" என்று தொடங்குகிறது. அக்கா, நான் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அமைதியா? நீங்கள் "முழங்கால்!" என்று கத்தினால் நீச்சல் தடாகத்து மதிலில் இருக்கும் காகம் எழும்பிப் பறக்குமே.

அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் உங்கள் வெற்றிகளைச் சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு, நடுவில் ஒரு வருஷத்தை விட்டுவிட்டு, ஒரே வசனத்தில் தாண்டிவிட்டான்.

"சுதன், இடையில ஒரு வருஷம் எங்கை?"

"அது தோத்த வருஷம் தானே ரீச்சர். எழுதினால் பொலிஸ் கதையெல்லாம் வரும். முப்பத்தொண்டு மலரில ஏன் அது? சனம் என்ன நினைக்கும்?"

"என்ர பக்கத்தில நான் அதைத்தான் எழுதப்போறன்."

"ஒரு பக்கத்துக்குள்ள அடங்குமோ?"

"அடங்காது. இன்னும் ரெண்டு பக்கம் வை."

ஆகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மலரை விரிக்கிறவர்களில் பாதிப்பேர் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்றே அறியாதவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உதாரணம் சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்கத் தெரியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

கரும்பலகையில் ஒரு வட்டம் போடுங்கள். அதன்மேல் சம தூரத்தில் எட்டுப் புள்ளிகள். இப்போது பலகையைத் தண்ணீராகவும் புள்ளிகளைப் பெண்பிள்ளைகளாகவும் நினையுங்கள். பாட்டுக்கு ஏற்றபடி வட்டம் விரியும், நட்சத்திரமாகும், இரண்டு கோடாகும். எட்டுப் பேரும் தலைகீழாகத் தண்ணீருக்குள் போய், எட்டுக் கால்களை ஒரே நொடியில் ஒரே உயரத்துக்கு மேலே அனுப்புவார்கள். இதுதான் ஒத்திசைவு நீச்சல். பிள்ளைகள் "வோட்டர் பலே" என்பார்கள். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்திலே எங்கள் பெண்கள் கல்லூரியில், சண்டை நடந்த வருஷங்களில், இதைப் பழக்கியவர் பவளம் அக்கா. கிண்ணத்துக்குமேல் கிண்ணம் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இனி எட்டுப் புள்ளியில் ஒன்றை அழியுங்கள். வட்டத்தில் ஓட்டை விழும். அப்போது மற்ற ஏழும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து அந்த இடைவெளியைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பார்க்கிறவருக்கு ஒருத்தி இல்லாதது தெரியவே கூடாது. இதற்கு "மூடுறது" என்று பெயர். நீங்களும் மூடியிருக்கிறீர்கள், அக்கா. ஒரு முறை ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்தபோது, போட்டிக்குச் சற்று முன்னர் ஏழு பேரை வைத்து எவ்வளவு அழகாக மூடினீர்கள்! அந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவள் நான். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மூடத் தெரியாதவர் நீங்கள் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டுச் சரியாகக் கேட்காது. அதற்காக நீங்கள் பெரிய சோற்றுக்கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து தடாகத்தின் இரும்பு ஏணியில் தட்டித் தாளம் கொடுப்பீர்கள். வெளியே நிற்கும் எங்களுக்கு வெறும் டக் டக். உள்ளே அது கோயில் மணிபோலக் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் கரண்டி எத்தனை சோதனைச் சாவடிகளில் வெளியே வந்தது! ஒரு நாள் காலி வீதிச் சாவடியில் ஒரு ஆமிப் பையன் அதைத் தூக்கிப் பிடித்து, "ஹட்டிய கோ?" என்றான். சட்டி எங்கே என்று கேட்கிறான். நீங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சிங்களத்தில், "சட்டி பெரிசு தம்பி, பைக்குள்ள அடங்காது. சுவிமிங் பூல்" என்றீர்கள். அவன் சிரித்துவிட்டான். நான் பயத்தில் வியர்த்துப்போனேன்.

எதிர்ப்பு ஆமியிடமிருந்து மட்டும் வந்ததா? ஒரு தகப்பன் வந்து, "குமர்ப்பிள்ளையள் காலைத் தூக்கிக் காட்டுறதோ?" என்று கேட்டார். "ஐயா, தலை தண்ணிக்குள்ள. எந்தக் கால் உங்கட மகளின்ரை எண்டு உங்களுக்கே தெரியாது" என்றீர்கள். ஆசிரியர் அறையில் ஒருவர், "அங்க வடக்கில சனம் சாகுது, இங்க இவவுக்குத் தண்ணிக்குள்ள டான்ஸ்" என்றார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்த ஊரில எங்கட பிள்ளையள் குனிஞ்சுதான் நடக்குதுகள். ஒரு இடத்தில எண்டாலும் நெஞ்சை நிமித்தி நடந்து வரட்டும்."

தலைமயிரைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நீச்சலில் தொப்பி போடுவதில்லை. ஜெலற்றினை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் கொண்டையில் பூசினால், அது காய்ந்து கண்ணாடிபோல மினுங்கும். குளிர்ந்த தண்ணீருக்கு அசையாது. ஜெலற்றின் எலும்பில் செய்வது என்று கேள்விப்பட்ட சைவ அம்மாமார் ஒரு முறை கூட்டம் போட்டார்கள். சரி என்று நீங்கள் கடற்பாசி காய்ச்சிப் பூசினீர்கள். முதற் பாய்ச்சலிலேயே அது துண்டு துண்டாகக் கழன்று, தடாகம் முழுக்கப் புடிங் மிதந்தது. அதற்குப்பிறகு அம்மாமார் ஜெலற்றினைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

இனித் தாரணிக்கு வருகிறேன்.

தாரணி தாயோடு வடக்கிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். தகப்பன் லண்டனில். விசா வரும்வரை பிள்ளை சும்மா இருக்கக்கூடாது என்று எங்கள் கல்லூரியில் சேர்த்தார்கள். கடலில் நீந்தி வளர்ந்தவள். முதல் நாள் தடாகத்தில் இறங்கி ஏறி, "ரீச்சர், இது உப்பில்லாத ரசம் மாதிரிக் கிடக்கு" என்றாள். ஒரு வருஷத்துக்குள் உங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியானாள்.

போட்டிக்கு முந்திய வாரம் அவள் தூங்கி வழிந்துகொண்டு பயிற்சிக்கு வந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாறி, சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி வர வேண்டும். "போட்டி முடியுமட்டும் என்ர வீட்டில நில்லு" என்றீர்கள். தாயும் சந்தோஷமாக அனுப்பினாள். வேறு ஊரில் இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் அந்தக் காலத்துக் கொழும்பில், தமிழர் எவர் எந்த வீட்டில் படுக்கிறார் என்பது பொலிசில் பதிந்திருக்க வேண்டும். தாரணியின் பதிவு கொட்டாஞ்சேனையில். அவள் தலை வைத்துப் படுத்தது வெள்ளவத்தையில். எட்டுப் பேரின் கால்விரல்வரை நினைவில் வைத்திருந்த உங்களுக்கு இது நினைவில் வரவில்லை.

போட்டியன்று விடிய உங்கள் குசினி அடுப்படியில் அவளுக்குக் கொண்டை கட்டி ஜெலற்றின் பூசி முடித்த கையோடு கதவு தட்டப்பட்டது. தெரு, ஒழுங்கை முழுக்கச் சோதனை. நான் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஓடி வருவதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் வாசலில் நின்றீர்கள். கையில் இன்னும் அந்தத் தூரிகை.

"நீர் பொலிசுக்குப் போம் மனோ. நான் போனால் சண்டை பிடிப்பன், ரெண்டு பேரையும் உள்ள வைப்பாங்கள். நீர் பொறுமைசாலி. மற்றதுகள் ஏழும் தடாகத்துக் கேற்றடியில என்னைக் காத்து நிக்குதுகள்."

"தாரணியின்ர இடம் அக்கா?"

"முதல்ல பிள்ளையைப் பாரும்."

பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. அவளைத் தேட எனக்குக் கஷ்டமிருக்கவில்லை. அத்தனை கலைந்த தலைகளுக்கு நடுவே ஒரு தலை வார்னிஷ் பூசியதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொலிஸ்காரி அதை விரலால் தட்டிப் பார்த்து, "மே கொண்டெட்ட மொகத கரலா தியென்னே?" என்றாள். இந்தத் தலைமயிருக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று. நான் என் வகுப்பறைச் சிங்களத்தில், ஜெலி புடிங்கை உதாரணம் காட்டி விளங்கப்படுத்தினேன். அவள் இன்னொருத்தியையும் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். சிரித்தார்கள். ஆனால் விடவில்லை. தாய் கொட்டாஞ்சேனையிலிருந்து பதிவுத் துண்டோடு வந்து சேரவேண்டும்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிச் சட்டைக்குள் அவள் நீச்சலுடை போட்டிருந்தாள். கழுத்தோரம் நீலக் கரை தெரிந்தது. அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு கேட்டாள்:

"ரீச்சர், பவளம் ரீச்சர் இப்ப மூடியிருப்பா என்ன?"

"மூடாட்டிப் போட்டியில புள்ளி குறையும் பிள்ளை" என்றேன்.

"ஓம். மூடத்தான் வேணும்." தலையைக் குனிந்தாள். பிறகு மெல்ல, "சமிலா நல்லாச் செய்வாள்" என்றாள்.

சமிலா மேலதிகமாகப் பழகிய ஒன்பதாவது பிள்ளை. சிங்களப் பிள்ளை. யாராவது வராவிட்டால் இறங்குவதற்காக ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீரில் ஊறியவள். தடாகத்தில் நடந்ததை அவள்தான் எனக்குப் பின்னர் சொன்னாள். கல்லூரி அதிபர் வந்து அவளை ஆயத்தமாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவளை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், "உனக்கு இறங்க உரிமை இருக்கு. இறங்கப் போறியா?" என்று கேட்டீர்களாம். அவள் யோசித்துவிட்டு, "டீச்சர், தாரணி ஆவொத்?" என்றாளாம். தாரணி வந்துவிட்டால்?

"வந்தால் அவளுக்கு இடம் இருக்கவேணும்" என்றீர்கள்.

சமிலா துவாயைச் சுற்றிக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தாய் பதிவுத் துண்டோடு வந்து, அவர்கள் எழுதி, கையெழுத்து வாங்கி, எங்களை விட்டபோது வெயில் ஏறிவிட்டது. ஓட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் பறந்தார். இடையில் ஒரு சாவடி. இறங்கினோம், காட்டினோம், ஏறினோம். தடாகத்தின் வாசலில் ஓட்டோ நிற்கும்போது எங்கள் பாட்டுக் கேட்டது. தொடங்கிவிட்டது.

பார்வையாளர் படிகளில் ஓடி ஏறினோம். கீழே நீலத் தண்ணீரில் ஏழு பேர். வட்டம் விரிகிறது. ஒரு பக்கத்தில் ஓட்டை. நட்சத்திரமாகிறது. ஒரு முனை இல்லை. இரண்டு கோடாகிறது. ஒரு கோட்டில் நாலு பேர், மற்றதில் மூன்று பேரும் ஒரு துண்டுத் தண்ணீரும். பக்கத்தில் இருந்தவர்கள், "ஐயோ, ஒருத்தி பிந்திப்போனாளோ" என்றார்கள். ஏழு பிள்ளைகளும் அந்த வெறும் இடத்தைத் தங்களோடு கூட்டிக்கொண்டே தடாகம் முழுக்க நீந்தினார்கள். அது எங்கும் சுருங்கவில்லை. நீங்கள் ஏணியடியில் குந்தியிருந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

தாரணி என் கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், அங்க பாருங்கோ," என்றாள். "அந்தா நான்."

அக்கா, எத்தனையோ வருஷம் கணக்குப் படிப்பித்தேன். இல்லாத ஒன்றை ஒரு குறியால் எழுதி அதற்கு ஒரு இடம் கொடுக்கலாம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன்.

அவள் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். இடது கையை உயர்த்தி, நில் என்றீர்கள். நடுவில் குதித்தால் எல்லாரையும் நீக்கிவிடுவார்கள். வலது கை தட்டுவதை நிறுத்தவில்லை.

ஒருத்தி குறைந்ததற்கும், ஒழுங்கில் ஓட்டை இருந்ததற்கும் நடுவர்கள் புள்ளி வெட்டினார்கள். இரண்டாம் இடம். தாரணி அழுதுகொண்டு வந்து உங்கள் முன்னால் நின்றபோது நீங்கள் கட்டிப்பிடிக்கவில்லை. "ஏதும் சாப்பிட்டியா?" என்றீர்கள். பிறகு எல்லாரையும் பார்த்து, "அழுறவை இப்பவே அழுங்கோ. நாளைக்கு விடியப் பயிற்சி" என்றீர்கள்.

அதிபரின் அறையில் நானும் இருந்தேன். "ஏன் மூடவில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கிண்ணம் போய்விட்டது, கல்லூரியின் பெயரும்.

நீங்கள் சொன்னீர்கள்: "விலகிப் போறவளின்ர இடத்தைத்தான் மூடுறது, மிஸ். இவள் விலகேல்லை. பிடிச்சுக்கொண்டு போனவை. நானும் மூடினால், அவையள் செய்ததை நான் வடிவாக்கிக் காட்டினதாப் போகும்."

அதிபர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் நான் கேட்டேன். பிற்காலத்தில் எத்தனையோ முறை கேட்டேன். சமிலாவுக்கு அது நியாயமா? அவளுடைய தாய் வந்து, என் மகளும் ஒரு வருஷம் உழைத்தாள்தானே என்று கேட்டபோது, அந்த அம்மாவின் பக்கமும் நியாயம் இருந்தது. "ஓம், நியாயமில்லைத்தான்" என்று அந்த அம்மாவிடமே ஒத்துக்கொண்டீர்கள். அடுத்த வருஷம் எட்டுப் பேர் பட்டியலில் முதலில் வாசிக்கப்பட்ட பெயர் சமிலாவின் பெயர். அந்த முறை எடுத்த கிண்ணம்தான் சுதனின் அட்டைப் படத்தில் இருக்கிறது. ஆனால் தாரணி அந்தப் படத்தில் இல்லை. விசா வந்து போய்விட்டாள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அவளை உங்கள் வீட்டில் நிற்கச் சொன்னது நீங்கள். அந்த மனக்குத்தினால்தான் இடத்தை விட்டீர்களா? கேட்டபோதெல்லாம் நீங்கள் கரண்டியைத் துடைத்தபடி, "உமக்கு எல்லாத்துக்கும் ஒரு விடை வேணும்" என்பீர்கள். இப்போதும் எனக்கு விடை தெரியாது. இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காக என்றாலும், முழுக் கொழும்பும் எங்களைச் சுருங்கி இருக்கச் சொன்ன நாளில், நீங்கள் ஒரு பிள்ளையின் அளவுக்குத் தண்ணீரைத் திறந்து வைத்திருந்தீர்கள். எத்தனை கிண்ணம் எடுத்தவர் என்றாலும் அதைச் செய்த இன்னொரு பயிற்றுநரை நான் அறியேன்.

சுதன் கடைசியாக ஒரு தடை சொன்னான்: "அந்த அக்கா இப்ப லண்டனில குடும்பமாய் இருக்கிறா. தன்ர பேர் பொலிசோட வாறதை விரும்புவாவோ?" அதுவும் சரியான கேள்வி என்று நேற்று தாரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ரீச்சர், என்னை விட்டுட்டே எழுதியிருக்கிறான்?"

"ஓம் பிள்ளை. வெற்றியள் மட்டும்."

"அப்ப மூடிப்போட்டான்."

"ஓம்."

"என்ர முழுப் பேரையும் போடுங்கோ. அப்பான்ர பேரோட. தலைமயிரைப் பற்றியும் எழுதுங்கோ. மூண்டு நாள் கழுவியும் போகேல்லை, அதையும் எழுதுங்கோ." சிரித்தாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டோம்.

ஆகவே அக்கா, முடிவு எடுத்துவிட்டேன். பிழை என்றால் பிழைதான். இந்தப் பக்கங்களைச் சுதன் முழுதாகப் போடவேண்டும். அவனுடைய குறிப்பில் அந்த வருஷத்துக்கு நேரே ஒரு வசனமும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: "இரண்டாம் இடம். ஏழு பேர் நீந்தினார்கள். தாரணி சிவபாதத்தின் இடம் திறந்திருந்தது." யோசித்துச் சொல்கிறேன் என்கிறான். அவன் போடாவிட்டால், முப்பத்தொன்றன்று மண்டபத்தில், சாப்பாட்டுக்கு முன்னர், நானே எழும்பி நின்று இதை முதலிலிருந்து வாசிப்பேன். பசியோடு இருக்கிற சனம் எங்கும் போகாது. பாயசம் ஆறினால் ஆறட்டும்.

உங்கள் கரண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. யாரும் இடையில் கதைத்தால் மேசையில் தட்டுவேன்.

நான் இருக்கும்வரை அந்த இடத்தை ஒருவரையும் மூட விடமாட்டேன். இது உங்களுக்குச் சொல்லும் சத்தியம்.

கூடப் பிறக்காமலே உங்கள் கூட நின்ற
தங்கச்சி,
கணக்கு ரீச்சர் மனோ